ஸ்ரீரங்கத்தில் குடியேறலாமா? தீவுக்குள் இருப்பவர்கள் சொல்லுங்கள்

பொன்னிதேடி

வணக்கம். இப்போது சென்னை பெருங்குடியில் இருக்கிறோம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, மாதம் ஒருமுறை ஆபீசில் தலைகாட்டினால் போதும். அம்மாவுக்கு லால்குடிப் பக்கம். கடைசிக் காலத்தில் காவிரிக்கரையில் இருக்க வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. திருச்சியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவில், ஸ்ரீரங்கம் அல்லது திருவானைக்கோவிலில் முதலில் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு, பிடித்தால் வீடோ மனையோ வாங்கலாம் என்று நினைப்பு. தரகர் ஒருவர் தினமும் போன் செய்கிறார். அவர் அனுப்பும் படங்களில் எந்த மனைக்குப் பின்னாலும் ராஜகோபுரம் தெரிகிறது, அது எப்படி என்று புரியவில்லை.

கோயில், பிரசாதம், காற்று பற்றியெல்லாம் யூடியூபில் நிறையப் பார்த்துவிட்டேன். தண்ணீர், வெள்ளம், போக்குவரத்து, ஊர் வளரும் விதம், இதைக் குடியிருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அடையவளஞ்சான்

236 அடிக் கோபுரம் ஐயா, தீவில் எங்கே நின்றாலும் தெரியும். 1987-ல் அது எழும்பி முடிந்ததிலிருந்து மனை விற்கிறவர்களுக்கு அதுதான் விளம்பரப் பலகை.

நான் பிறந்தது கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி மூன்றுமே கோயிலின் திருச்சுற்றுக்குள் வருபவை. மதிலுக்குள்தான் பால்காரர், மளிகைக் கடை, கிளினிக், ஜெராக்ஸ் எல்லாம். வயதானவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான இடம் அமையாது. கால் வலித்தால் உட்கார்ந்து எழ எல்லா வீட்டிலும் திண்ணை இருந்தது. இப்போது பாதித் திண்ணைகளை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள், அது வேறு கதை.

ஆனால் இந்த வீதிகளில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அடிமனைப் பிரச்சனை, அதாவது வீடு நிற்கும் நிலம் யாருடையது என்ற தகராறு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சுற்றிச் சுமார் 330 ஏக்கர் தனக்குரியது என்று கோயில் நிர்வாகம் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பத்திரம் வைத்து, வரி கட்டி வாழ்கிறவர்கள் தங்களுடையது என்கிறார்கள். பத்திரப் பதிவு நின்றுபோய், விற்கவும் முடியாமல் பெண் கல்யாணத்துக்குக் கடன் வாங்கவும் முடியாமல் எத்தனையோ குடும்பங்கள். கூட்டம், மனு, வழக்கு என்று வருடங்கள் ஓடிவிட்டன. வாடகைக்கு வாருங்கள், தாராளமாக வாருங்கள். வாங்குவது என்றால் சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு, வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ்.

டோல்கேட்_பாண்டி

கொள்ளிடத்துக்கு வடக்கே, நம்பர் ஒன் டோல்கேட்டில் இருக்கிறேன். வேலை தில்லைநகரில். அதாவது தினமும் இரண்டு ஆற்றைக் கடந்து போய், இரண்டு ஆற்றைக் கடந்து திரும்புகிறவன். என் அனுபவத்தில் இந்த ஊரில் வாழ்க்கையைத் தீர்மானிப்பது ஆறு இல்லை, பாலம்.

காவிரிப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிந்தாமணிப் பக்கத்தையும் மாம்பழச்சாலையையும் இணைப்பது. 1976-ல் திறந்தது. சுமார் 540 மீட்டர்தான். அன்றைக்கு இருந்த வண்டிகளுக்குக் கட்டியது. 2022 செப்டம்பரில் பராமரிப்பு என்று மூடினார்கள். முதலில் காரும் பஸ்ஸும் போகக்கூடாது என்றார்கள், நவம்பரில் பைக்கும் கிடையாது என்றார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தது. அந்த ஆறு மாதமும் ஓடத்துறை, சஞ்சீவி நகர் என்று சுற்றிச் சுற்றி நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். எல்லா வண்டியும் சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தில் ஏற, சஞ்சீவி நகர் சிக்னலில் நின்றபடியே நான் செய்தித்தாள் படித்து முடித்த நாட்கள் உண்டு.

இப்போது பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் வேலை நடக்கிறது. அது வந்தால் மூச்சுவிடலாம். அதுவரை மாம்பழச்சாலையில் காலை எட்டரையிலிருந்து பத்து வரை வண்டி எடுக்காதீர்கள். உங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் பாதிப் பிரச்சனை இல்லை.

கீதாபுரம்_டீச்சர்

பாண்டி சொல்வது சரிதான். அந்த ஆறு மாதமும் ஸ்கூல் வேன் ஏறும் நேரத்தை முன்னால் தள்ளி, பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை வேனிலேயே முடித்தார்கள். ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாலம் மூடியதால்தான் தீவுக்குள்ளேயே சில விஷயங்கள் வந்தன. அதற்கு முன்னால் நல்ல துணிக்கடையோ ரத்தப் பரிசோதனையோ எதுவானாலும் “டவுனுக்குப் போகணும்” என்போம். இன்றைக்கும் எங்கள் வாயில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான் டவுன். 1994-லேயே மாநகராட்சியோடு சேர்த்தாகிவிட்டது, ஆனால் மனசளவில் இது இன்னும் தனி ஊர்.

தண்ணீர் பற்றிக் கேட்டீர்கள். குழாய்த் தண்ணீர் ஆற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து வருகிறது, சுவையாக இருக்கும். எங்கள் தெருவில் போர்வெல்லும் அதிக ஆழம் போக வேண்டியதில்லை. சென்னையில் லாரித் தண்ணீருக்குப் போன் போட்ட கை இங்கே சும்மா இருக்கும். ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டு ஓடும் நாளில்தான் குழாயில் வராமல் போகும். வெள்ளத்தில் படுகையிலிருக்கும் மோட்டார், மின்சாரம் ஏதாவது பழுதானால் அவ்வளவுதான். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்துக்குள் நின்ற உயர் மின்கோபுரமே சாய்ந்தது, படம் பார்த்திருப்பீர்கள். அதனால் மொட்டை மாடியில் பெரிய தொட்டி உள்ள வீடாகப் பாருங்கள்.

நைட்ஷிப்ட்

எல்லாரும் ஊரைப் புகழ்ந்தால் எப்படி? வளரும் ஊர் என்கிறீர்கள். என்ன வளர்கிறது? என்னோடு படித்தவர்களில் ஸ்ரீரங்கத்தில் மிச்சம் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். எல்லாரும் சென்னை, பெங்களூரு, அமெரிக்கா. புதிதாகக் கட்டும் அபார்ட்மெண்டில் பாதி ஜன்னல் வருடம் முழுக்கச் சாத்தியே கிடக்கிறது. மீதியில் எழுபது வயதுத் தம்பதி, வேளாவேளைக்குக் கேரியர் சாப்பாடு, ராத்திரி மகனோடு வீடியோ கால். வளர்வது கட்டடமும் கேட்டரிங்கும்தான்.

வேலை துவாக்குடி, பெல் (BHEL) தொழிற்சாலைப் பக்கம், இல்லாவிட்டால் ஜங்ஷனைத் தாண்டி. புது ஏர்போர்ட் டெர்மினல் தெற்கே, புது பஸ் ஸ்டாண்ட் பஞ்சப்பூரில், அதுவும் தெற்கே. நகரம் தெற்கே ஓடிக்கொண்டிருக்கிறது. தீவு பின்னால் நின்று கை காட்டுகிறது. மதுரைக்குப் பஸ் ஏற வேண்டுமானால் நான் முதலில் நகரத்தையே ஒருமுறை கடந்து பஞ்சப்பூர் போகவேண்டும்.

அடையவளஞ்சான்

தம்பி, ஒன்றாம் நம்பர் பஸ் இருக்கிறதே. உன் தாத்தா காலத்திலிருந்து அதுதான் எங்களை அக்கரைக்குக் கொண்டுபோகிறது. தவிர, வேலைக்கு வெளியே போய்விட்டு வயதானபின் திரும்பி வருகிற ஊர் இது, நேற்று வந்த வழக்கம் இல்லை.

நைட்ஷிப்ட்

மாமா, திரும்பி வருகிறவர் கையில் பணத்தோடு வருகிறார். இங்கேயே இருப்பவன் வாடகை கொடுக்க முடியாமல் டோல்கேட்டுக்கும் திருப்பைஞ்ஞீலி ரோட்டுக்கும் போகிறான். அதைத்தான் சொல்கிறேன்.

டோல்கேட்_பாண்டி

அதில் உண்மை இருக்கிறது. நானே அப்படி வந்தவன்தான்.

ஓய்வு_ஓவர்சியர்

நீர்வளப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளம் பற்றிக் கேள்வி வந்ததால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இவற்றில் கொள்ளிடம்தான் தாழ்வு, சரிவும் அதற்கே அதிகம். சும்மா விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டியது அதற்காகத்தான். ஏற்பாடு இன்றைக்கும் அதுவே. பாசனத்துக்குக் காவிரி, மிஞ்சிய வெள்ளத்துக்குக் கொள்ளிடம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கன அடி வந்தாலும் பெரும்பகுதியை வடக்கே தள்ளிவிடுவார்கள். வெள்ளக் காலத்தில் தீவைக் காப்பது இந்தப் பங்கீடுதான்.

அந்தக் கட்டுமானத்துக்கும் வயதாகும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போனது. அதே மாதம் 1928-ல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. நல்லவேளை, 2016-லேயே புதுப் பாலம் வந்துவிட்டதால் பழையதில் வண்டி ஓடவில்லை. காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள்தான் போய்க்கொண்டிருந்தார்கள். தூண் சரிந்ததற்கு மணல் அள்ளியதுதான் காரணம் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஒரே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் படுகை இறங்கினால் அடித்தளம் வெளியே வரும் என்பது எந்தத் தொழிலாளிக்கும் தெரிந்தது. மேலணையில் இப்போது புதிய கதவணை கட்டிவிட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தீவுக்குள் வீட்டில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் ஆறு கரையைத் தாண்டுவதால் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் வெளியே போக வழி இல்லாததால். இந்தத் தீவு முழுக்க ஒரு காலத்தில் வாழையும் தென்னையும் நெல்லும்தான். மேற்கே காவிரியில் பிரிந்த வாய்க்கால் வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் கிழக்கே வடிந்துவிடும். வயல் மனையானதும் வாய்க்காலுக்கு வேலை இல்லை என்று நினைத்துவிட்டார்கள். பாய்ச்சுகிற வேலைதான் போனது, வடிக்கிற வேலை அப்படியே இருக்கிறது. மேலே சிலாப் போட்டுக் கடை வைத்தார்கள், கழிவுநீரை விட்டார்கள், சில இடத்தில் அகலத்தைப் பாதியாக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழையும் பெய்து ஆற்றிலும் மட்டம் ஏறி நிற்கும்போது வாய்க்காலின் கடைமடையில் தண்ணீர் இறங்காது, எதிர்த்து நிற்கும். அப்போது தெருவில் முழங்கால் அளவு. மறுநாள் பேப்பரில் “காவிரி வெள்ளம் ஊருக்குள் புகுந்தது” என்று வரும். காவிரி பாவம்.

1977-லும் 2005-லும் திருச்சியில் பெரிய வெள்ளம் வந்தது. அதில் அதிகம் அடிவாங்கியது தென்கரை. கோரையாறும் குடமுருட்டியும் பெருகி உறையூர், கருமண்டபம் பக்கம் புகுந்தன. அவையும் காவிரியில் வந்து விழுகிற ஆறுகள், காவிரி நிறைந்திருந்தால் விழ முடியாது. இங்கே வாய்க்காலுக்கு நடப்பதுதான் அங்கே ஆற்றுக்கு நடந்தது.

வாழைத்தார்

ஓவர்சியர் ஐயாவுக்கு வணக்கம். நான் திருவளர்சோலை. தீவின் கிழக்குப் பாதியில் இன்னும் விவசாயம் பார்க்கிறவன். இந்த இழையில் எல்லாரும் ஸ்ரீரங்கத்தோடு தீவு முடிந்தது மாதிரி எழுதுகிறீர்கள். அதற்குக் கிழக்கே திருவளர்சோலை, பனையபுரம், கிளிக்கூடு, உத்தமர்சீலி என்று கல்லணை வரை ஊர் இருக்கிறது. உத்தமர்சீலித் தரைப்பாலம் என்று ஒன்று உண்டு. காவிரியில் அளவுக்கு மிஞ்சி வந்தால் உபரி அந்த வழியாகக் கொள்ளிடத்துக்குப் பாய்ந்துவிடும். 2018-லும் 2022-லும் அப்படிப் பாய்ந்து கல்லணை ரோடு நின்றுபோனது, பக்கத்து வாழைத் தோட்டமெல்லாம் தண்ணீருக்குள் நின்றது. வாழை நாலைந்து நாள் தண்ணீரில் நின்றால் கிழங்கு அழுகும், தார் பெருக்காது.

ஊருக்கு வெள்ளம் வரக்கூடாது என்றால் எங்கேயாவது போகத்தானே வேண்டும். எங்கள் பக்கம் போகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் இப்போது இந்தப் பக்கமும் கல் நட்டு மனை போடுகிறார்கள். தண்ணீர் போகிற வழியில் வீடு கட்டினால் அடுத்த முறை அது எந்தப் பக்கம் போகும்? ஏலரிசி வாழை நட்டவனுக்கு ஒரு போகம் நஷ்டம். வீடு கட்டினவனுக்கு?

நாங்கள் ஏன் விற்கிறோம் என்று கேட்பீர்கள். ஆள் கிடைப்பதில்லை. முட்டுக் கொடுக்கிற சவுக்குக் கம்பு விலை, காற்றில் சாய்ந்தால் முழு நஷ்டம். பையன் படித்துவிட்டு வரமாட்டேன் என்கிறான். ஏக்கருக்கு மனை விலை சொல்லிக் கொண்டு வாசலில் ஆள் நிற்கிறான். எத்தனை நாளைக்கு வேண்டாம் என்பது.

கீதாபுரம்_டீச்சர்

அண்ணே, எங்கள் வீடே ஒரு காலத்தில் வாழைத் தோட்டம் இருந்த இடம்தான். பின்கட்டில் இன்னும் தானாகக் கன்று முளைக்கிறது. நாகமும் வருகிறது. பாம்பு பிடிக்கிறவர் போன் நம்பர் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் மேலேயே பின் செய்து வைத்திருக்கிறோம்.

முதலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது பயமுறுத்துவதற்கு முன்னால். கொள்ளிடத்திலும் காவிரியிலும் முதலை இருப்பது உண்மை. முக்கொம்பு, ஜீயபுரம் பக்கம் அவ்வப்போது பார்த்ததாகச் செய்தி வரும். படித்துறையைத் தாண்டி எங்கேயும் இறங்காதீர்கள். முதலையைவிடச் சுழலும் மணல் அள்ளிய குழியும் ஆபத்து. ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் போலீஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் நிற்பது அதற்காகத்தான்.

பொன்னிதேடி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி. வருடத்தில் எத்தனை மாதம் காவிரியில் தண்ணீர் ஓடும்? அம்மா தினமும் ஆற்றைப் பார்க்கலாம் என்று கனவு காண்கிறார். அப்புறம், திருவிழா நாட்களில் வீட்டிலிருந்து வெளியே வரமுடியுமா?

அடையவளஞ்சான்

மேட்டூர் ஜூன் 12 திறக்க வேண்டும் என்பது வழக்கம். திறந்து இரண்டு மூன்று நாளில் முக்கொம்புக்கு வந்துவிடும். அப்புறம் ஜனவரி கடைசி வரை ஏதாவது ஓடும். நல்ல வருடமாக இருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை. 2023-ல் ஜூன் 12 திறந்து அக்டோபரிலேயே மூடினார்கள். 2024-ல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள், திறந்த கையோடு வெள்ளம். மற்ற மாதங்களில் மணல். கோடையில் அம்மா மண்டபப் படித்துறையில் நின்றால் பையன்கள் நடு ஆற்றில் கிரிக்கெட் ஆடுவதைப் பார்க்கலாம். உங்கள் அம்மா லால்குடிக்காரர், அவருக்கு இது தெரியாமல் இருக்காது. நீங்கள்தான் கனவு காண்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

திருவிழா: மார்கழி வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல்பத்து, இராப்பத்து நாட்களில் வீதிகளுக்குள் கார் நினைப்பே வேண்டாம். பஞ்சக்கரைப் பக்கம் நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். ஆடி, தை அமாவாசைக்கு அம்மா மண்டபம் ரோடு தர்ப்பணக் கூட்டத்தில் அடைத்துவிடும். சித்திரைத் தேர் அன்று வடம் பிடிக்க வரும் கூட்டம் வேறு மாதிரி, சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து முதல்நாள் ராத்திரியே வந்து வீதியிலேயே படுத்துக்கொள்வார்கள். எங்கள் திண்ணை அன்றைக்கு அவர்களுக்கு. ஐப்பசியில் காவிரியிலிருந்து தங்கக்குடத்தில் திருமஞ்சன நீர் யானைமேல் போகும். அந்த நேரத்தில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு நிற்கவேண்டும், ஹார்ன் அடித்தால் யானை அல்ல, பாட்டிகள் திட்டுவார்கள்.

நைட்ஷிப்ட்

திருவிழா சரி. இப்போது சனி, ஞாயிறு எல்லாமே திருவிழாதான். வெளிமாநில வண்டி, வேன், டூரிஸ்ட் பஸ். சாத்தார வீதிப் பூமார்க்கெட்டில் விடியற்காலை வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் பூக்காரர்கள் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஷிப்ட் முடிந்து தூங்கவே போகிறேன். அகலப்படுத்த முடியாத வீதி, மதில் இருக்கிறது. வண்டியைத்தான் குறைக்கவேண்டும். அதை யாரும் பேசுவதில்லை, பார்க்கிங் எங்கே கட்டலாம் என்றுதான் பேசுகிறார்கள்.

ஓய்வு_ஓவர்சியர்

இதில் தம்பியோடு நான் ஒத்துப்போகிறேன்.

பொன்னிதேடி அவர்களே, தீவின் மேற்கே மேலூர்ப் பக்கம் மனை பார்த்தால் செய்யவேண்டியது இதுதான். தரகர் தரும் லேஅவுட் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கிராம வரைபடமும் புலப்படமும் (சர்வே எண்ணுக்கான அளவுப் படம்) வாங்குங்கள். அதில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது, புறம்போக்கு எவ்வளவு அகலம் என்று இருக்கும். பிறகு இடத்தில் போய் நின்று அந்த வாய்க்காலைத் தேடுங்கள். படத்தில் இருக்கிற அகலம் தரையிலும் இருந்தால் மேலே பேசலாம். படத்தில் இருந்து தரையில் காணோம் என்றால் அது மனைக்கு அடியில்தான் இருக்கும். பார்க்கப் போவதை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளாதீர்கள், அப்போது எல்லா மனையும் மேடுதான். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும், அவர்கள் வாசற்படியை எத்தனை முறை உயர்த்தியிருக்கிறார்கள் என்றும் தெரியும்.

வாழைத்தார்

ஐயா சொன்னதோடு, மண் கொட்டி உயர்த்திய மனையா என்றும் பாருங்கள். உயர்த்தியிருந்தால் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வராது, பக்கத்துத் தோட்டத்துக்கு வரும். அந்தத் தோட்டக்காரன் அடுத்த வருடம் விற்றுவிட்டு அவனிடம் வாங்கியவன் உங்களைவிட இரண்டடி உயர்த்துவான்.

பொன்னிதேடி

புரிகிறது. மனையை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். திருவானைக்கோவிலில் மாடி வீடு ஒன்று வாடகைக்குப் பார்த்திருக்கிறோம், ஸ்டேஷனும் பக்கம் என்கிறார்கள். மாதாந்திரச் சென்னைப் பயணத்துக்கு எந்த ரயில் நல்லது? அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவார், ஆனால் மெதுவாக.

கீதாபுரம்_டீச்சர்

மாடி என்றால் மழைக்கு நல்லது, முழங்காலுக்குக் கெட்டது. லிப்ட் இருக்கிறதா என்பதோடு, கரண்ட் போனால் லிப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் தரைத்தளத்தில் படி உயர்ந்த வீடாகப் பார்க்கலாம், எங்கள் தெருவிலேயே ஒன்று காலியாகப் போகிறது. தனிச்செய்தியில் சொல்கிறேன்.

டோல்கேட்_பாண்டி

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே மலைக்கோட்டையும் பல்லவனும் நிற்கும். ராத்திரி மலைக்கோட்டையில் ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து நேரே ஆபீஸ். ஜங்ஷனுக்குப் போகவே வேண்டாம், பாலமும் கடக்க வேண்டாம். டிக்கெட்டை மட்டும் ஏகாதசி வாரத்தில் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள், தட்கலும் கிடைக்காது.